'கெர்பிளாம்!' பார்த்த பிறகு: கேள்வி பதில்

ஹட்டனில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் இம்முறை புத்தகத்தை ஒதுக்கிவைத்துவிட்டு 'டாக்டர் ஹூ' தொடரின் 'கெர்பிளாம்!' அத்தியாயத்தைத் திரையிட்டது. 2018 நவம்பர் 18 அன்று பிபிசியில் ஒளிபரப்பான கதை. பார்த்தவர்கள் சீட்டுகளில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, தொடரை நெடுநாளாகப் பார்த்துவருபவன் என்பதால் என் தலையில் விழுந்தது. கதையின் முடிவையும் சேர்த்தே பேசியிருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

பொகவந்தலாவை, உயர்தர மாணவர்: பஸ் பிந்திவிட்டது, சேர். பாதியில்தான் வந்தேன். கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு நிலவு முழுவதும் ஒரே பண்டகசாலை. அண்டவெளி எங்கும் பொதி அனுப்பும் நிறுவனத்தின் பெயர் கெர்பிளாம். சட்டம் வற்புறுத்துவதால் 10 வீதம் மனிதர்களை வைத்திருக்கிறார்கள், மீதி வேலை முழுவதும் இயந்திரங்களின் கையில். காலத்திலும் அண்டவெளியிலும் பயணிக்கும், தொடரின் மையப் பாத்திரமான டாக்டருக்கு வந்த ஒரு பொதியின் சீட்டில் 'எனக்கு உதவுங்கள்' என்று இருக்கிறது. அவரும் நண்பர்கள் மூவரும் தொழிலாளர்களைப் போல உள்ளே நுழைகிறார்கள். அங்கே ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிடுசிடு மேலாளர் சிலேட் மீது நமக்குச் சந்தேகம் வருகிறது. அவரோ காணாமல் போனவர்களின் விவரங்களை ரகசியமாகக் காகிதத்தில் எழுதிவைத்திருப்பவர். குற்றவாளி சார்லி, துப்புரவுத் தொழிலாளி. பொதிக்குள் வைக்கும் குமிழித் தாள் இருக்கிறதே, விரலால் அமுக்கி வெடிக்கவைப்போமே, அதற்குள் வெடிமருந்தை நிரப்பி ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைக் கொல்லத் திட்டமிட்டிருக்கிறான். பழி இயந்திரங்கள் மீது விழும், மனிதர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்பது அவன் கணக்கு. காணாமல் போனவர்கள் அவனுடைய பரிசோதனைக்குப் பலியானவர்கள். உதவி கேட்டது யார் தெரியுமா? பண்டகசாலையை இயக்கும் கணினி அமைப்பே.

கொட்டகலை, இல்லத்தரசி: பெட்டிக்குள் வந்த அந்தச் சிவப்புத் தொப்பி எதற்கு, அண்ணா?

முன்பு டாக்டராக நடித்த மாட் ஸ்மித் காலத்து விருப்பம் அந்தத் துருக்கித் தொப்பி. பழைய ரசிகர்களுக்கு ஒரு கண்சிமிட்டல். கதைக்கு அதனால் பயன் இல்லை.

தலவாக்கலை, ஆசிரியை: திரையிடும் முன் "இதை எனக்குப் பிடிக்கும், ஆனால் மன்னிக்க முடியாது" என்றீர்கள். அது என்ன இரட்டை நாக்கு?

இரண்டும் உண்மை, டீச்சர். முதல் முப்பது நிமிடங்களுக்கு மேல் இந்த அத்தியாயம் தொழிலாளியின் பக்கத்தில் நிற்கிறது. அதுவும் கோஷம் போடாமல் நிற்கிறது. டான் என்ற மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்காக வீட்டைவிட்டு வந்து இங்கே தட்டுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருப்பவர். மகள் தந்த பதக்கத்தைக் கழுத்தில் போட்டிருக்கிறார். டாக்டரின் நண்பர்களில் ஒருத்தியான யாஸுக்கு ஒரு பொருளை எடுத்துவரக் கட்டளை வருகிறது. அந்தப் பகுதிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்பதால் டான் அந்தக் கருவியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு தானே போகிறார். வீர வசனம் கிடையாது, பின்னணி இசையின் ஆரவாரமும் கிடையாது. அறிமுகமாகிச் சில நிமிடமேயான பெண்ணுக்காக ஒரு மூத்த தொழிலாளி செய்யும் காரியம் அது. இந்தத் தொடரில் இவ்வளவு அடக்கமான காட்சிகள் அதிகம் இல்லை.

அப்புறம் கடைசிப் பத்து நிமிடம் வருகிறது. சார்லி நிறுவனத்தைக் குற்றம் சொல்ல, டாக்டர் அவனைத் திருத்துகிறார்: அமைப்பில் பிழை இல்லையாம், அதை மனிதர்கள் பயன்படுத்தும் விதமும் சுரண்டும் விதமும்தான் பிழையாம், உன்னைப் போன்றவர்கள்தான் பிழையாம். அதுவரை நாம் பார்த்தது என்ன? காலில் கண்காணிப்பு வளையம், பேசினால் இனிய குரலில் எச்சரிக்கும் இயந்திரம், வீட்டுக்குப் போக முடியாத தகப்பன். இவையெல்லாம் அமைப்பு இல்லாமல் வேறென்ன? கேள்வியை எழுப்பியவன் கொலைகாரன் என்று காட்டியதும் கேள்வியே தீர்ந்துவிட்டது போலக் கதை எழுந்து போய்விடுகிறது. நான் மன்னிக்க மறுப்பது அதைத்தான்.

மஸ்கெலியா, தோட்ட அலுவலக எழுதுவினைஞர்: சார்லி அப்பாவிகளைக் கொல்லத் துணிந்தவன். அவனுக்காக எப்படி வாதாடுவது?

அவனுக்காக நான் வாதாடவில்லை. அவன் கேட்ட கேள்விக்காக வாதாடுகிறேன். பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமா, நாளை அது ஏழு வீதமாகவோ ஐந்து வீதமாகவோ குறைந்தால் என்ன செய்வது என்கிறான். நியாயமான கேள்வி. கதையில் வேறு எவரும் அதைக் கேட்பதில்லை. தொழிற்சங்கம் கிடையாது, ஒரு மனு கிடையாது, வேலையை நிறுத்திவிட்டு உட்காருகிற ஒரு ஆள்கூடக் கிடையாது. தொழிலாளி ஒன்று பல்லைக் கடித்துப் பொறுப்பான், இல்லாவிட்டால் குண்டு வைப்பான் என்பதைப் போல ஆகிவிட்டது.

நமக்கு அப்படியல்ல என்பது தெரியும். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அங்கே துப்பாக்கி இருந்தது யார் கையில்? 'கெர்பிளாம்!' ஒளிபரப்பான அந்த மாதங்களிலேயே இங்கு தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் அடிப்படை நாட்சம்பளம் கேட்டுப் போராட்டம் நடந்தது. அன்று அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். 2019 ஜனவரியில் அது 700 ஆனது. சம்பள நிர்ணய சபையின் மூலம் 1000 என்ற எண்ணைக் காண 2021 மார்ச் வரை போக வேண்டியிருந்தது. அதைக் கேட்டுக் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடிய பிள்ளைகள் எவரையும் கொல்லவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு இந்தக் கதையில் ஓர் ஓரமாவது கொடுத்திருக்கலாம்.

பதுளை, தாதி: கீரா இறந்த காட்சியைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அது எதற்கு?

நானும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். பண்டகசாலையில் வேலை செய்பவளும் சார்லி நேசிப்பவளுமான கீரா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பரிசுதான் பெற்றவள், வேலைக்கு வந்தபின் நிறுவனம் கொடுத்த ஒரு சொக்லேட் பெட்டி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கசப்பே இல்லை. நமது தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளில் இருக்கும் மகிழ்ச்சி பொய்யல்ல. அந்தப் பணம் பிறகு சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்படுவதும் பொய்யல்ல. கீராவை எழுதியவருக்கு இந்த இரண்டையும் ஒரே முகத்தில் காட்டத் தெரிந்திருக்கிறது, நடித்த கிளாடியா ஜெஸிக்கும் தெரிந்திருக்கிறது.

பிறகு பூட்டிய அறையில் அவளிடம் ஒரு பெட்டி கொடுக்கப்படுகிறது. தனக்கு இன்னொரு பரிசு என்று நினைத்துத் திறக்கிறாள். உள்ளே குமிழித் தாள் மட்டும். மறுபுறம் நின்று சார்லி தொண்டை கிழியக் கத்துகிறான், அவளுக்குக் கேட்கவில்லை. சிரித்தபடி ஒரு குமிழியை அமுக்குகிறாள்.

அவளைக் கொன்றது சார்லி அல்ல, அந்தக் கணினி அமைப்பு. அன்புக்குரியவரை இழந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு உணர்த்துவதற்காகவாம். டாக்டர் இதைத் தெரிந்துகொண்ட பின்னும் அமைப்பிடம் ஒரு கேள்வி கேட்பதில்லை. எறும்பு மிதிபட்டாலும் நின்று நியாயம் கேட்கும் பாத்திரம் அது, ஐயா! ஒரு குற்றமும் செய்யாத பெண்ணைப் பாடம் நடத்தும் பலகையாக்கிய இயந்திரத்துக்கு மனச்சாட்சி உண்டு என்ற நற்சான்றிதழோடு கதை முடிகிறது. டாக்டர் ஒரேயொரு வாக்கியத்தில் கண்டித்திருந்தால்கூட இந்த அத்தியாயத்தை நான் தொடரின் சிறந்தவற்றுள் வைத்திருப்பேன்.

நுவரெலியா, கணினி படிக்கும் மாணவி: அமைப்புக்கு எல்லாம் தெரியும் என்றால் சார்லியைப் பிடித்துக் கொடுத்திருக்கலாமே, சேர்?

கொடுத்திருக்கலாம். மேலாளரின் திரையில் ஒரு வரி, அனுப்பும் வாயிலுக்கு ஒரு பூட்டு, போதும். ஆனால் ஐம்பது நிமிடக் கதை நடந்திருக்காது. மர்மக் கதைக்காரர்கள் எல்லோரும் செய்யும் சில்லறைத் திருட்டு என்று விட்டுவிடுவோம். கீரா விடயத்தை மட்டும் அப்படி விட முடியாது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்: நான் மலையில் ஆட்களை மேற்பார்வை செய்தவன். எங்களை எல்லாம் சிலேட் மாதிரிதான் பார்க்கிறீர்களா? நிர்வாகமும் நெருக்கடிக்குள்தான் வேலை செய்கிறது.

கோபம் புரிகிறது, ஐயா. சிலேட் பாத்திரம் எனக்குப் பிடித்ததே அதனால்தான். தொழிலாளியிடம் எரிந்துவிழுகிற அதே மனிதர், அவர்கள் மறைந்துபோவதைக் கண்டு தூக்கம் கெட்டுக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். மேலே சொல்ல அவருக்குத் துணிவில்லை. கீழே சொல்ல வழக்கமில்லை.

ஆனால் மேற்பார்வை என்றதும் எனக்கு நினைவு வருவது தராசு. என் அம்மா கொழுந்து எடுத்தவர். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கென்று ஒரு கழிவு, மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இன்னொரு கழிவு. முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கக் கூடையை முதுகில் வைத்தபடியே கழுத்தை நீட்டுவார். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது முழு நாள் நின்றதற்குப் பாதிச் சம்பளம். அந்தத் தராசில் நின்ற கணக்கப்பிள்ளை கெட்டவரல்ல, எங்கள் வீட்டு நன்மை தீமைக்கு வந்துபோனவர். கழிவை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அவருக்குப் பதிலாகத் தேவதூதரே நின்றிருந்தாலும் கூடையில் இரண்டு கிலோ குறைந்துதான் இருக்கும். "பிழை ஆட்களிடம், அமைப்பில் அல்ல" என்று டாக்டர் சொல்லும்போது எனக்கு இடிப்பது இதுதான். உங்களுக்கும் அந்த வசனத்தில் பங்கில்லை என்றுதான் சொல்கிறேன்; அது பழியை ஆட்களிடமே நிறுத்திவிடுகிறது.

கினிகத்தேனை, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர்: விடுமுறையில் வந்தேன், அண்ணா. கடைசியில் எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கிறார்களே, அது நல்ல முடிவுதானே?

கவனமாகக் கேளுங்கள், தம்பி. பண்டகசாலை ஒரு மாதம் மூடப்படுகிறது. சம்பளத்தோடு விடுமுறை இரண்டு வாரம். மீதி இரண்டு வாரத்துக்கு என்ன கணக்கு? யாரும் கேட்கவில்லை, டாக்டர் உட்பட. இனிமேல் பெரும்பான்மை மனிதர்களையே வேலைக்கு வைக்கும்படி முன்மொழியப் போவதாக ஆள்வளப் பொறுப்பாளர் ஜூடி சொல்கிறார். முன்மொழிவுகளோடு நமக்குள்ள பழக்கம் நீண்டது. உங்கள் முதலாளி இதே கணக்கைச் சொன்னால் நீங்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பீர்களா மாட்டீர்களா?

ஆனாலும் அதற்குப் பின் யாஸ் டானின் பதக்கத்தை அவர் மகளிடம் சேர்க்கப் போக வேண்டும் என்கிறாள். அங்கே மறுபடி என் மனம் இளகிவிடுகிறது. இந்த அத்தியாயத்தோடு எனக்கு இதுதான் தொல்லை.

ஹப்புத்தளை, தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: இயந்திரம் வந்தால் நம் ஆட்களுக்கும் 10 வீதம்தான் மிஞ்சுமா?

ஜப்பானில் தேயிலையை இயந்திரத்தால்தான் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். அங்குள்ள பல தோட்டங்கள் அதற்கென்றே சமமான நிரைகளாக நடப்பட்டவை. நமது சரிவிலும், இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளும் தரத்திலும் கை இன்னும் விலகவில்லை. கொழுந்து வெட்டும் கத்தரிக்கோல் சில இடங்களில் வந்திருக்கிறது. ஆளில்லாமல் தோட்டம் தவிப்பதையும் நீங்கள் பார்க்கிறீர்கள், ஏனென்றால் பிள்ளைகள் அந்தச் சம்பளத்துக்கு மலையேற மாட்டோம் என்று கொழும்புக்குப் போய்விட்டார்கள். சார்லியின் பயம் நமக்குத் தலைகீழாக வந்திருக்கிறது: இங்கே முதலில் விலகிப் போனது மனிதன்.

மீண்டும் தலவாக்கலை ஆசிரியை: எழுதியவர் வேண்டுமென்றே நம்மைச் சினமூட்ட அப்படி முடித்திருக்கலாமே? கிண்டலாக?

பீட் மெக்டிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்க ஆசைதான். ஆனால் அந்தக் காட்சியில் கிண்டலின் தடயம் எனக்குத் தென்படவில்லை. டாக்டரின் முகமும் இசையும் "பிரச்சினை தீர்ந்தது" என்றுதான் சொல்கின்றன.

பூண்டுலோயா, வங்கி ஊழியர்: இந்தத் தொடரே எப்போதும் இப்படித்தானா?

இல்லை, அதனால்தான் இது உறுத்துகிறது. 1963 நவம்பரில் தொடங்கிய தொடர், இடையில் 1989 முதல் நீண்ட இடைவெளி, 2005இல் மறுபிறப்பு. இவ்வளவு காலத்தில் எல்லாக் கட்சியும் பேசியிருக்கிறது. 1977இல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'த சன் மேக்கர்ஸ்' கதையில் புளூட்டோவில் வரிக்கு மேல் வரி போட்டு மக்களைப் பிழியும் ஒரு கம்பனி. அங்கே டாக்டர் கலகக்காரர்களோடு சேர்ந்துகொள்கிறார். 'கெர்பிளாம்!' வருவதற்கு முந்திய ஆண்டு, 2017இல் வந்த 'ஆக்சிஜன்' கதையில் தொழிலாளிக்கு மூச்சுக் காற்றையே விலைக்கு விற்கிறார்கள். செலவு கூடியதும் உடைகளைக் கொண்டே அவர்களைக் கொல்ல உத்தரவு போகிறது. கொல்வது இயந்திரம்தான், ஆனால் அந்தக் கதை விரலை நீட்டுவது அலுவலகத்தை நோக்கி. ஓராண்டு இடைவெளியில் அதே தொடர், அதே பாத்திரம், எதிர்ப் பக்கம்!

கொட்டகலை, அதே இல்லத்தரசி: அடுத்த மாதம் எதைப் போடப் போகிறீர்கள்? என் மகனையும் கூட்டிவரலாமா?

'த சன் மேக்கர்ஸ்' போடுவதாக எண்ணம். நான்கு பகுதி, இடையில் தேநீர் உண்டு. பொம்மைக் கடையில் வாங்கியது போன்ற செட்டுகளைப் பார்த்துப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். கடைசிப் பகுதியில் வரி வசூலிக்கும் அதிகாரியைக் கூரையிலிருந்து தள்ளிவிடுவார்கள், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கூட்டிவாருங்கள்.