பிள்ளைக்கு ஈரல் கட்டி: எல்லையோரப் பெற்றோர் கேட்டவை

பதில் சொல்பவர்: குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்

செங்கோட்டை அம்மா: டாக்டரம்மா, பையனுக்கு ஒன்றரை வயசு. ஈரல்ல ஹெப்பட்டோபிளாஸ்டோமாங்கிற சின்னப் பிள்ளைங்க புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவிட்டுன்னு திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இனியும் மருந்து ஏத்திப் பச்சப்புள்ளய வதைக்கணுமான்னு அத்தை அழுதாங்க.

பதில்: ஏத்தணும்மா. பெரியவங்களுக்கு வர்ற ஈரல் புற்று வேற, இது வேற. இது கீமோவுக்கு நல்லா மசியும். பரவினவங்களையும் சேர்த்து, ஆபத்து அதிகமுள்ள 62 பிள்ளைங்களுக்கு சயோபெல் 4 ஆய்வில் சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்தை ஏறக்குறைய வாராவாரம், நடுநடுவே டாக்ஸோரூபிசின்ங்கிற இன்னொரு கீமோ மருந்தோடு கொடுத்தாங்க. கட்டி சுருங்கினதும் அறுவை சிகிச்சை, முடியாத இடத்தில் ஈரல் மாற்று. 2013இல் வந்த முடிவு: மூணு வருஷம் கழிச்சு 83 சதவீதம் உயிரோட இருந்தாங்க. அத்தைகிட்ட இதை அப்படியே சொல்லுங்க. நெருக்கி நெருக்கிக் கொடுக்கிறதுதான் இதோட பலமே. கோயில் கொடை, கல்யாணம்னு ஒரு வாரம் தள்ளிப் போடாதீங்க.

களியக்காவிளை அப்பா: ராத்திரி காய்ச்சல் வந்தா திருவனந்தபுரத்துக்கே ஓடணுமா?

பதில்: விடியட்டும்னு மட்டும் இருக்காதீங்க. தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்க, ஆசனவாயில் வேண்டாம். 100.4 தாண்டினா அவசரம். வெள்ளணு குறைஞ்ச பிள்ளைக்குக் கிருமி ரத்தத்தில் ஏற சில மணி நேரம் போதும். உங்களுக்குத் திருவனந்தபுரம் கிட்ட; செங்கோட்டைப் பக்கமிருந்து ஆரியங்காவு மலையைத் தாண்டணும்னா அப்படியில்ல. முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுட்டு அப்புறம் கிளம்பலாம். அதுக்கு மருந்து, அளவு, போன் நம்பர் எழுதின டாக்டர் சீட்டை இன்னைக்கே வாங்கி பையில் வையுங்க. அங்கே மலையாளமோ தமிழோ தெரியாம முழிக்க வேண்டியதில்ல.

புனலூர் அக்கா: காது போயிடும்னு சொல்றாங்களே?

பதில்: சிஸ்பிளாட்டினோட பெரிய கெடுதல் அதுதான், போனா திரும்பாது. முதல்ல போறது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். கூப்பிட்டா பிள்ளை திரும்பும், நமக்குத் தெரியாது. 'ச', 'ஸ' மட்டும் மங்கி, பேச்சு தெளிவில்லாம வரும். அதனால ஆரம்பிக்கும் முன்னாடியும் நடுவிலும் கேட்கும் திறன் சோதனையைக் கேட்டு வாங்குங்க. சிஸ்பிளாட்டின் முடிஞ்சு ஆறு மணி நேரம் கழிச்சு காதைக் காக்கிற சோடியம் தயோசல்பேட் மருந்தை ஏத்தினதில், காது பாதிப்பு 63இலிருந்து 33 சதவீதமாச்சு (2018). ஆனா அது கட்டி பரவாத பிள்ளைங்களிடம் பார்த்தது. பரவினவங்களுக்குக் கட்டியையும் காப்பாத்திடுமோங்கிற பயம் இருக்கு, டாக்டர்தான் முடிவெடுக்கணும். குறைஞ்சா உடனே காது மெஷின். ஸ்கூல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

தென்காசி தாத்தா: ஏ.எஃப்.பி.ன்னு இந்தக் கட்டி ரத்தத்தில் விடுற புரதத்தோட அளவு முதல் கீமோவுக்கப்புறம் கூடியிருக்கு. மருந்து கேட்கலியோ?

பதில்: அண்ணாச்சி, கட்டியோட செல் உடையும்போது முதல்ல கொஞ்சம் கூடலாம். அடுத்தடுத்த அளவுகள் இறங்குதான்னு பாருங்க. எப்பவும் ஒரே லேபில் எடுங்க.

அதே தாத்தா: கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கட்டியில் மஞ்சக்காமாலை வர்றதே அபூர்வம். கீமோ நடக்கும்போது பச்சிலைச் சாறு கிருமியையும் கூட்டிட்டு வரும்.