ஆறாவது படிக்கிற பையனுக்கு ஜிடிஏ வாங்கித் தரலாமா?

கேள்வி: என் 11 வயது மகன், பெரியம்மா பையன் விளையாடுகிறான் என்று ஜிடிஏ 5 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) என்ற வீடியோ கேமைக் கேட்டு அடம்பிடிக்கிறான். வெறும் கேம்தானே, வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. 2013-ல் வந்த இந்த கேமுக்கு ஐரோப்பாவின் பெகி அமைப்பு 18 வயது என்றும், அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி 17 வயது என்றும் வரம்பு வைத்திருக்கின்றன, அது விளையாடக் கஷ்டம் என்பதற்காக இல்லை, உள்ளே இருப்பதற்காக. கார் திருட்டும் துப்பாக்கிச் சண்டையும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிப்போட்ட ஒருவனை, விளையாடுபவரே கருவியைத் தேர்ந்தெடுத்துச் சித்திரவதை செய்கிற கட்டமும் இருக்கிறது. விளையாடினால் பிள்ளை ரவுடியாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை, ஆய்வாளர்களே அதில் ஒத்துப்போகவில்லை. ஆனால் இந்த வயதில் அதையெல்லாம் அவன் செய்து பார்க்க என்ன அவசியம்? ஆன்லைனில் முன்பின் தெரியாத பெரியவர்களின் பேச்சு வேறு காதில் விழும்.

சும்மா 'கூடாது' என்றால் பெரியம்மா வீட்டுக்குப் போய் விளையாடுவான், அதனால் முதலில் உங்கள் அக்காவிடம் பேசுங்கள். அப்புறம் யூடியூபில் அரை மணி நேரம் நீங்களே பார்த்துவிட்டு, காரணத்தை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கார் ஓட்டுகிற ஆசைதான் என்றால் ஃபோர்சா ஹொரைசன் என்ற கார் ரேஸ் கேம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு ரேஸ் ஓட்டிப் பாருங்கள்.