கைடு மட்டுமே ஆய்வகம் அல்ல

வாசகர் கேள்வி – பதில்: வேதியியல் ஆய்வுக்குழு

கேள்வி: எம்.எஸ்ஸி. முடித்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேறியிருக்கிறேன். கரிம வேதியியலில் பி.எச்டி. செய்ய இரண்டு பேராசிரியர்கள் இடம் தரத் தயாராக இருக்கிறார்கள். இருவருடைய கட்டுரைகளையும் படித்துவிட்டேன். வேறு எதைப் பார்த்து முடிவு செய்வது?
– சிவகாசி வாசகர்

பதில்: அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் ஆறு மாதம் உங்களுக்குக் கை பிடித்துச் சொல்லித்தரப் போவது பெரும்பாலும் கைடு (ஆய்வு வழிகாட்டி) அல்ல, சீனியர் ஸ்காலர்தான் (மூத்த ஆய்வு மாணவர்). கைடுக்கு வகுப்பு, நிதிக்கான விண்ணப்பம், வைவா, துறைக்கூட்டம் என்று பகல் போய்விடும். எந்த மூலக்கூறைச் செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்வார். சேர்மங்களைப் பிரிக்க, சிலிகா நிரப்பிய கண்ணாடிக் குழாயான ‘காலம்’ (column) போடும்போது சிலிகா விரிசல் விட்டால் என்ன செய்வது என்பதைப் பக்கத்து மேஜைக்காரர்தான் சொல்வார்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பி.எச்டி. மாணவர்கள் வரை வழிநடத்தலாம். இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. இவர்களோடு ஒரு போஸ்ட்டாக் (பி.எச்டி. முடித்த ஆய்வாளர்), திட்டப்பணியாளர் ஒருவர், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வந்துபோகும் எம்.எஸ்ஸி. புராஜெக்ட் மாணவர்கள். ஆக, ஓர் ஓடும் குழுவில் பத்துப் பேர் இருக்கலாம். எண்ணிக்கையைவிட ஆண்டு வரிசை முக்கியம். ஐந்தாம் ஆண்டில் ஒருவர், மூன்றாம் ஆண்டில் ஒருவர், முதலாண்டில் ஒருவர் என்று படிப்படியாக இருக்கும் குழுவில் கைப்பழக்கம் அறுபடாமல் வரும். சீனியர்கள் எல்லோரும் ஒரே ஆண்டில் தீசிஸ் கொடுத்துவிட்டுப் போய், புதியவர்கள் நான்கு பேர் மட்டும் மிஞ்சிய ஆய்வகத்தில் கருவிகள் இருக்கும், ஓட்டத் தெரிந்தவர் இருக்க மாட்டார்கள். கட்டுரையில் ‘காலம் மூலம் தூய்மைப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரிதான் எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைக் கற்கவே இரண்டு மாதம் ஆகும்.

குழுவுக்கு வெளியே இருக்கும் நான்கு பேரையும் விசாரியுங்கள்: என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) ஆபரேட்டர், ஸ்டோர் பொறுப்பாளர், லேப் அட்டெண்டர், கண்ணாடி ஊதுபவர். கடைசியாகச் சொன்னவர் இன்று பல துறைகளில் இல்லை. பணி ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. இது உண்மையான இழப்பு. பி24 ஜாயின்ட் (மற்றக் கருவியோடு பொருந்தும் வாய்ப்பகுதி) உடைந்த குடுவையை அவர் அன்றைக்கே ஒட்டித் தருவார். போரோசிலிக்கேட் கண்ணாடியை ஊதி ஒட்டிய பிறகு சுமார் 560 டிகிரியில் வைத்து மெல்ல ஆறவிடவும் அவருக்குத் தெரியும். அப்படி ஆறவிடாத குடுவையில் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். வெற்றிடம் வைத்த ஏதோ ஒரு நாளில் அது வெடிக்கும்.

கைடு அறையில் இல்லாத நேரமாக ஸ்காலர்களிடம் தனியாகப் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை என்.எம்.ஆர். கிடைக்கிறது, இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போட்ட ரசாயனம் எத்தனை நாளில் வருகிறது, கடைசியாக முடித்தவர் சேர்ந்து எத்தனை ஆண்டில் தீசிஸ் கொடுத்தார், பாதியில் விட்டுப்போனவர் உண்டா என்று கேளுங்கள். இந்தப் பதில்களைக் கட்டுரைப் பட்டியல் தராது.

கேள்வி: என் மகள் பி.எச்டி. சேர்ந்திருக்கிறாள். உதவித்தொகை எவ்வளவு, எப்போது வரும்?
– விருதுநகர் வாசகி

பதில்: அம்மா, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகி 42,000. விடுதி இல்லாதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. பணம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சேர்ந்த ஆண்டில் சான்றிதழ்கள் ஏறி முதல் தவணை வரச் சில மாதம் ஆகலாம், பிறகு நிலுவையோடு சேர்ந்து வரும். நான்கைந்து மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே குழுவில் உதவித்தொகையே இல்லாத ஸ்காலரும் இருப்பார். அவருக்கும் வேலை ஒன்றுதான் என்பதை உங்கள் மகள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் டி.எச்.எஃப். ஸ்டில் போடுவது (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானை உலர்த்திக் காய்ச்சி வடிப்பது) எப்போதும் முதலாண்டு ஸ்காலரின் பொறுப்பு. எடுபிடி வேலையாகத் தோன்றுகிறது. மறுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேலையை மறுக்க வேண்டாம். தனியாகச் செய்யச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். குழுவில் உள்ள எல்லோருடைய வினையும் இந்த ஒரு குடுவையை நம்பி நிற்கிறது. ஆய்வகத்தின் ஆபத்தான வேலைகளிலும் இதற்கு முன்வரிசை இடம் உண்டு. புதியவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் வழக்கம் தவறு.

முதலில் பாட்டிலில் உள்ள டி.எச்.எஃப்.பில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். சிறிது எடுத்து, அசெட்டிக் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் மஞ்சளோ பழுப்போ வரக்கூடாது. வந்தால் அதைக் காய்ச்ச வேண்டாம், சீனியரிடம் சொல்லுங்கள். குடுவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக்கூடாது. ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் அளவில் சோடியம் கம்பி, அதனுடன் நிறம் காட்டச் சில கிராம் பென்சோஃபீனோன், நைட்ரஜன் ஓட்டம், ரிஃப்ளக்ஸ் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவிடுவது). நீரும் ஆக்சிஜனும் போன பிறகுதான் அடர்நீலம் வரும். மஞ்சளிலேயே நின்றால் கரைப்பானில் ஈரம் அதிகம், அல்லது சோடியத்தின் மேல் வெள்ளை ஓடு கட்டிவிட்டது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. குழாயில் தண்ணீர் நின்றுவிடும். ஆவியைக் குளிர்விக்கும் கன்டென்சர் சூடாகி, 66 டிகிரியில் கொதிக்கும் டி.எச்.எஃப். ஆவி அறையில் பரவும், பக்கத்தில் ஹாட் பிளேட் இருந்தால் தீப்பிடிக்கும். ஆகவே ஆள் இல்லாமல் ஸ்டில் ஓடக்கூடாது. இரண்டாவது, ஹீட்டரை அணைத்துவிட்டு நைட்ரஜனையும் மூடிவிடுவது. குடுவை ஆறும்போது உள்ளே காற்றை இழுத்துக்கொள்ளும், நீலம் போய்விடும். மூன்றாவது, அடி வற்றும்வரை வடிப்பது. பெராக்சைடு அடியில்தான் சேரும். கால்பங்கு மிஞ்சும்போதே நிறுத்துங்கள்.

சோடியத்தை அழிக்கும் நாள் தனி. குடுவையைப் பனிக்கட்டியில் வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் டொலுவீன் ஊற்றி, ஐசோபுரோப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குமிழி அடங்கிய பிறகு எத்தனால், அதுவும் அடங்கிய பிறகு, கட்டி எதுவும் மிஞ்சவில்லை என்று கலக்கிப் பார்த்து, கடைசியாகத்தான் தண்ணீர். ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் சோடியத் துண்டுதான் பெரும்பாலான தீ விபத்துக்குக் காரணம். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும். டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் பாட்டில் எதுவும் அந்த மேஜையில் இருக்கக்கூடாது. குளோரின் உள்ள கரைப்பானும் சோடியமும் சேர்ந்தால் வெடிக்கும்.

இவ்வளவும் தேவையா என்று குழுக்கூட்டத்தில் கேட்கவும் செய்யுங்கள். மூன்று ஆங்ஸ்ட்ராம் மாலிக்யூலர் சீவை (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகளை) 300 டிகிரியில் ஓரிரவு சூடாக்கி, 100 மில்லிக்கு 20 கிராம் போட்டு, நைட்ரஜனில் 48 மணி நேரம் வைத்தால் பெரும்பாலான வினைகளுக்குப் போதுமான உலர்ந்த டி.எச்.எஃப். கிடைக்கும். சோடியமே வேண்டாம்.

கேள்வி: என்.எம்.ஆர். ஆபரேட்டர் என் மாதிரியை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்பெக்ட்ரம் கிடைத்தபோதும் தேவையில்லாத பீக் நிறைய. அவர் வேண்டுமென்றே செய்கிறாரா?
– திருச்சி வாசகி

பதில்: ஒரு நாளைக்கு முப்பது நாற்பது டியூப் பார்ப்பவர், ஒன்றை ஏற்றாமல் திருப்பினால் அதில் காரணம் இருக்கும். உங்கள் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தூசியோ கரையாத துகளோ மிதந்தால் ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) சரியாக வராது, பீக் தடிக்கும். பாஸ்டர் பிப்பெட்டில் சிறிது பஞ்சு அடைத்து வடிகட்டி ஊற்றுங்கள். டியூட்டரேட்டட் குளோரோஃபார்ம் 0.6 மில்லி, டியூபில் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மிச்சப்படுத்த நினைத்து 0.4 விட்டால் ஷிம்முக்கு நேரம் பிடிக்கும், பின்னால் காத்திருப்பவர்களின் நேரமும் போகும். புரோட்டான் ஸ்பெக்ட்ரத்துக்கு 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரி போதும், கார்பனுக்கு 20, 30 வேண்டும். டியூபை ஓவனில் சுட வைத்து உலர்த்தினால் வளைந்துவிடும். வளைந்த டியூப் புரோபுக்குள் (கருவியில் டியூப் இறங்கும் பகுதிக்குள்) உடைந்தால் செலவு லட்சங்களில். அவர் திருப்பி அனுப்புவது அதற்குத்தான்.

தேவையில்லாத பீக்குகளில் பாதி உங்கள் ரோட்டாவில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவியில்) போகாமல் மிஞ்சியவை. ஸ்பெக்ட்ரத்தின் பி.பி.எம். அளவுகோலில் 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து வந்தால் எத்தில் அசெட்டேட். 5.30 டைகுளோரோமீத்தேன். 2.17 அசெட்டோன், டியூபைக் கழுவி உலரவிடாமல் எடுத்திருக்கிறீர்கள். 1.56 தண்ணீர். 7.26 கரைப்பானுடையதே. மாதிரியைக் குடுவையோடு வேக்குவம் பம்பில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கொடுங்கள். ஆவியாகிவிடக்கூடிய சேர்மமாக இருந்தால் மட்டும் நேரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: கட்டுரையில் யார் பெயர் வரவேண்டும்? வரிசை என்ன?
– வேலூர் வாசகர்

பதில்: கரிம வேதியியலில் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் முதலில், கைடு கடைசியில், நட்சத்திரக் குறியோடு. படிக அமைப்பைத் தீர்த்துத் தந்தவர், கணக்கீடு செய்தவர் நடுவில் வருவார்கள். வழக்கமான ஸ்பெக்ட்ரம் எடுத்துக் கொடுத்த ஆபரேட்டருக்கும் கருவி செய்து தந்த கண்ணாடிக்காரருக்கும் நன்றிப் பகுதியில் இடம் உண்டு. ஆனால் புதிய பரிசோதனையை வடிவமைத்தோ, முடிவுகளுக்குப் பொருள் சொல்லியோ அவர்கள் உதவியிருந்தால் ஆசிரியர் வரிசையில் வரவேண்டும். பதவி சிறிது என்பதற்காக விட்டுவிடுவது அநியாயம். நான்கு மாதம் உழைத்த எம்.எஸ்ஸி. மாணவரின் சேர்மம் கட்டுரையில் இருந்தால் அவர் பெயரும் இருக்கட்டும். வரிசையை எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு பேசினால் மனக்கசப்புத்தான் வரும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை செய்ய கைடு அனுமதிக்கவில்லை. வேலை தேங்குகிறதே?
– நெல்லை வாசகர்

பதில்: அவர் செய்வது சரி. 2008 டிசம்பர் 29 அன்று, விடுமுறைக் காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் 23 வயதுப் பணியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை பிளாஸ்டிக் சிரிஞ்சால் எடுத்தபோது பிஸ்டன் கழன்றது. காற்றுப் பட்டதும் எரியும் திரவம் அது. லேப் கோட் அணியவில்லை, மேலே செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாளில் இறந்துபோனார். அவர் அங்கே சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஞாயிறன்று தீசிஸ் எழுதுங்கள், ஸ்பெக்ட்ரம் பாருங்கள். வினை போட வேண்டுமென்றால் அதே அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

கேள்வி: தீசிஸ் கொடுத்துவிட்டேன். போகும்முன் ஜூனியர்களுக்கு எதை ஒப்படைக்க வேண்டும்?
– காரைக்குடி வாசகர்

பதில்: நோட்டுப் புத்தகத்தின் மூலப்பிரதி ஆய்வகத்துக்கு, நகல் உங்களுக்கு. ஸ்பெக்ட்ரங்களின் பிடிஎஃப் மட்டும் போதாது, மூலத் தரவுக் கோப்புறைகளை நோட்டின் பக்க எண்ணையே பெயராக வைத்து வன்தட்டில் போடுங்கள். வேலை செய்யாத வினைகளைத் தனியாக இரண்டு பக்கம் எழுதுங்கள், ஜூனியருக்கு ஓராண்டு மிச்சமாகும். நீங்கள் ஓட்டிய கருவியை ஜூனியர் உங்கள் கண்முன் ஒருமுறை முழுதாக ஓட்டிக் காட்டட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

பிறகு ஃப்ரிட்ஜ். ஐந்தாண்டாகச் சேர்ந்த வயல்களில் (சிறு கண்ணாடிக் குப்பிகளில்) பாதி பெயரில்லாமல் இருக்கும். எவையென்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் அமைப்பு, நோட்டுப் பக்கம், எடை, தேதி எழுதி, பென்சிலால் எழுதிய லேபிளின் மேல் செலோடேப் ஒட்டுங்கள். பேனா மை அசெட்டோன் பட்டால் அழிந்துவிடும். தெரியாதவற்றைக் கழிவில் சேர்க்கும் முன், பியூட்டைல் லித்தியம் பாட்டில், சோடியம் ஹைட்ரைடு டப்பா, பழைய ஈதர் ஆகியவற்றைத் தனியே பிரித்து யார் பொறுப்பில் விடுகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈதர் பாட்டிலின் வாயில் பெராக்சைடுப் படிகம் தெரிந்தால் மூடியைத் தொடாமல், நகர்த்தாமல், கைடையும் பாதுகாப்பு அலுவலரையும் கூப்பிடுங்கள்.