அப்பா எடுக்கும் புகைப்படங்களில் உள்ள குறையை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

கேள்வி: அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு போனில் படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். மாடியிலிருந்து சூரிய உதயம், தொட்டியில் இருக்கும் செம்பருத்தி, காக்கை என்று தினமும் பத்துப் படமாவது அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். இதுவரை "சூப்பர்ப்பா" என்றே சொல்லி வருகிறேன். அவர் உண்மையாகவே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று தெரிகிறது. என்ன சொல்வது?

பதில்:

முதலில் அந்த "சூப்பர்ப்பா"வை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பத்துப் படத்துக்கும் ஒரே பதில் வந்தால், பிள்ளை படத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று எந்த அப்பாவுக்கும் புரிந்துவிடும். பாராட்டுவதானாலும் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். "செம்பருத்தி இதழில் பனித்துளி அப்படியே தெரியுதுப்பா, வெயில் ஏறுவதற்கு முன்னாடி எடுத்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் தொட்டி பக்கம் போவார்.

நான் ஏழெட்டு வருடமாக ஞாயிறு காலைகளில் சென்னையில் ஒரு சின்னக் குழுவோடு படம் எடுக்கப் போகிறேன். காசிமேடு, மயிலாப்பூர், எப்போதாவது பழவேற்காடு. சுற்றி முடித்ததும் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் பார்ப்போம். அங்கே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரி மாணவி புதிதாக வந்திருந்தாள். காசிமேட்டில் விடியற்காலை எடுத்த படத்தைக் காட்டினாள். பின்னால் சூரியன், முன்னால் ஒரு படகு. நான் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். கடல் கோடு சாய்ந்திருக்கிறது, சூரியன் நட்டநடுவில் இருக்கிறது, படகின் மூக்கு வெட்டுப்பட்டிருக்கிறது, நிறத்தை ஏற்றிவிட்டிருக்கிறாய். ஐந்து நிமிடத்தில் ஏழு குறை. அவள் "சரிங்கண்ணா" என்று போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் வந்தாள், படம் காட்டவில்லை. அதற்கடுத்த வாரம் வரவில்லை. அந்தப் படகு அவளுடைய சித்தப்பாவின் படகு என்று பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் படகைக் காட்ட வந்திருக்கிறாள். நான் சூரிய உதயத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன். சொன்ன ஏழும் சரிதான், ஆனால் ஒன்றுகூட அவள் படத்தைப் பற்றியது இல்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அதற்குப் பிறகு நான் யார் படத்தைப் பார்த்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்கிறேன்: "எதைப் பார்த்து இதை எடுத்தீங்க?"

அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்களோடு வருவார். கிட்டத்தட்ட உங்கள் அப்பா வயதுதான் இருக்கும். மயிலாப்பூர் மாட வீதியில் குளத்தோரம் பூக்கட்டும் ஓர் அம்மாவை, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்திருந்தார். வானம் வெளுத்துப்போய், அந்த அம்மாவின் முகம் இருட்டாக இருந்தது. தலைக்கு மேலே விளக்குக் கம்பம் ஒன்று முளைத்தாற்போல் நின்றது. பழைய நானாக இருந்திருந்தால் அந்த இரண்டையும் உடனே சொல்லியிருப்பேன். "எதைப் பார்த்து எடுத்தீங்க சார்?" என்றேன். "அந்தம்மா கால் பெருவிரல்ல நாரை மாட்டிக்கிட்டு பூக்கட்டுறாங்க தம்பி. எங்க அம்மா அப்படித்தான் கட்டுவாங்க" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கால் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ நிறுத்திய பைக்கின் சக்கரம் இருந்தது.

அவரே கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் "கிட்ட போயிருக்கணும் இல்ல?" என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: "போய் இரண்டு முழம் மல்லி வாங்குங்க சார், படம் எடுக்கலாமான்னு அவங்ககிட்ட கேளுங்க, நின்னபடியே கேமராவைக் கீழே சாய்ச்சு எடுங்க." மறுவாரம் அப்படியே எடுத்து வந்தார். கிட்டே போனதும் பைக் ஃபிரேமை விட்டுப் போய்விட்டது. கேமரா கீழே சாய்ந்ததும் வானமும் கம்பமும் போய்விட்டன. வானத்தின் வெளிச்சம் இல்லாததால் கேமரா முகத்தை இருட்டாக்கவில்லை. எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தின் அளவு) என்ற சொல்லையே எடுக்காமல் அந்தக் குறை தீர்ந்தது. அந்தப் படத்தில் விரலும் நாரும் பளிச்சென்று இருக்கும், முகம் லேசாக மங்கியிருக்கும். இவ்வளவு கிட்டத்தில் போனால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம் குறுகிவிடும் என்பதை அவர் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு தடவைக்கு ஒரு விஷயம். அதுவும் நாளைக் காலையிலேயே, கையில் இருக்கும் அதே போனில் செய்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். "காம்போசிஷன் சரியில்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? "இரண்டடி இடதுபக்கம் நகர்ந்தா அந்த டிவி கேபிள் போயிடும்ப்பா" என்றால் நகர்ந்து பார்ப்பார்.

உங்கள் அப்பாவின் மூன்று விஷயங்களுக்கும் வருகிறேன். போன் கேமராவுக்குத் தானாக ஒரு கணக்கு உண்டு. எந்தக் காட்சியையும் சராசரியான ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு காக்கை உட்கார்ந்திருந்தால், வானத்துக்காக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். காக்கை கண்ணும் இறகும் இல்லாத கரிக்கட்டையாக விழும். பெரும்பாலான போன்களில் திரையில் காக்கையைத் தொட்டுவிட்டு விரலை மேலே இழுத்தால் வெளிச்சம் ஏறும். இருட்டான வயல் நடுவே நிற்கும் கொக்கு என்றால் நேர் எதிர், கீழே இழுக்க வேண்டும். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மதியம் காக்கைக்குச் சோறு வைக்கிற பழக்கம் இருந்தால், எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வந்து உட்காரும் என்பது அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். குனிந்து, காக்கையின் கண் மட்டத்துக்குப் போனைக் கொண்டுபோய், பின்னால் எதிர்வீட்டுச் சுவரோ மரமோ வரும்படி காத்திருக்கச் சொல்லுங்கள். மரத்து உச்சியில் இருக்கும் காக்கையை விரலால் ஜூம் செய்து எடுத்தால், எப்பேர்ப்பட்ட போனானாலும் இறகெல்லாம் பிசுபிசுத்துத்தான் வரும்.

சிவப்புச் செம்பருத்தி கேமராவுக்குக் கொஞ்சம் கஷ்டமான பூ. கடும் வெயிலில் சிவப்பு மட்டும் கேமரா பதிவு செய்யக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். இதழின் நரம்பு, மடிப்பு எல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். அப்படி ஒரு படம் வந்தால் "கலர் ஓவர்ப்பா" என்று சொல்லாதீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த இதழைப் பெரிதாக்கிப் பாருங்கள். "இங்க நரம்பு தெரியலையே" என்று அவர் கண்ணுக்கே படும். நிழலில் எடுப்பது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுப்பது, இரண்டில் ஒன்று போதும்.

சூரிய உதயத்துக்கு வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் ஆரஞ்சு நிறம் தங்கும், அவ்வளவுதான்.

படம் மங்கலாக இருந்தால் ஏன் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் தெளிவாக இருந்து காக்கையின் தலை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது காக்கை. அதற்கு வெளிச்சம் அதிகமாக இருக்கும் நேரம் வேண்டும். காரணம் தெரியாமல் "கொஞ்சம் ஆடிடுச்சுப்பா" என்றால் வயதாகிக் கை நடுங்குவதைச் சொல்கிறீர்களோ என்று அவருக்குத் தோன்றலாம். இதில் மட்டும் கவனமாக இருங்கள்.

சாய்வு, ஓரத்தில் வந்த தேவையில்லாத பொருள், லேசான இருட்டு எல்லாம் பிறகு போனிலேயே சரிசெய்யக் கூடியவை. அவற்றைக் குறையாகவே எடுக்க வேண்டாம். "எடிட் செஞ்சா அது போட்டோவே இல்லை" என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். அன்றைய காகித நெகட்டிவில் எடுத்தால், பிரிண்டில் வானம் வெறும் வெளுப்பாகத்தான் விழும். அவர் நெகட்டிவ் மேலேயே கையால் மேகம் தீட்டிச் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும்.

மூன்றில் ஒரு பங்கு விதியையெல்லாம் (முக்கியமானதை நடுவில் வைக்காமல், ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது) இப்போது எடுக்காதீர்கள். வாசலில் போட்ட புள்ளிக்கோலத்தை நேர் மேலிருந்து நடுவில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த விதியைக் கேட்டுவிட்டு ஒருவர் கோலத்தை மூலையில் தள்ளி எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். சித்தி, அத்தை எல்லாரும் கைதட்டும் இடத்தில் பிள்ளை மட்டும் குறை சொன்னால் யாருக்கும் சங்கடம்தான். தனியாகச் சொல்லுங்கள், முடிந்தால் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இன்றைக்கு அவர் அனுப்பிய பத்தில் எது நல்ல படம் என்று நீங்கள் சொல்லாதீர்கள். "இதுல ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம்னா எதை வச்சுப்பீங்க, ஏன்?" என்று கேளுங்கள். அவர் ஒன்றைக் காட்டிக் காரணம் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். பெரும்பாலும் மற்ற ஒன்பதில் என்ன குறை என்பதும் அந்தக் காரணத்திலேயே வந்துவிடும். அந்த ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்து 8க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். போனில் கண்ணுக்குப் படாத எத்தனையோ விஷயம் அந்தத் தாளில் தெரியும். இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து அதைப் பாருங்கள்.