செல் சவ்வு, சைட்டோபிளாசம்: கேட்டவையும் சொன்னவையும்

மஞ்சக்குப்பம்: செல் சவ்வும் செல் சுவரும் ஒன்றுதானே சார்?
இல்லை. சவ்வு என்பது செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய தோல், சுவர் என்பது செடிகளின் செல்லில் அதற்கும் வெளியே இருக்கும் கெட்டி உறை. நமக்குச் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். சவ்வு இல்லாத செல்லே கிடையாது.

நெல்லிக்குப்பம், பிளஸ் டூ மாணவி: சைட்டோபிளாசம் என்றால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் என்று எழுதலாமா?
எழுதாதேம்மா, மார்க் போகும். சவ்வுக்குள் நிரம்பியிருக்கும் கூழ் அது. தண்ணீர்தான் பெரும்பங்கு, ஆனால் அதில் புரதங்கள் பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. குளுக்கோஸை உடைக்கும் முதல் வேலையான கிளைகாலிசிஸ் அங்கேதான் நடக்கிறது, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் அல்ல. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார். பச்சை மணிகள் (குளோரோபிளாஸ்ட்) செல்லின் ஓரமாகவே சுற்றி வரும். சைட்டோபிளாசம் ஓடி, அவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

முதுநகர்: கருவாட்டுக்கு உப்பு போடுவது கிருமியை எரிக்கத்தானே?
எரிப்பதில்லை, காயப் போடுகிறது. சவ்வு தண்ணீரை விட்டுவிடும், உப்பை லேசில் விடாது. வெளியே உப்பு ஏறினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறிவிடும். ரியோ என்ற அழகுச் செடியின் இலை அடிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து உப்புத்தண்ணீர் விட்டால் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி, நடுவில் சுருண்டு ஒதுங்கும்.

மறுபடி முதுநகர்: அப்போ உப்புக் கருவாட்டில் சிவப்பு படிகிறதே, அது எப்படிப் பிழைக்கிறது?
மடக்கிவிட்டீர்கள்.

வில்லியனூர் (குறுக்கே): அது பூஞ்சை சார்.
பழுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை. இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தால் அநேகமாக உப்பை விரும்பும் ஆர்க்கியா. பாக்டீரியா மாதிரி தெரியும், ஆனால் தனி வம்சம். கடலுப்போடேயே வந்துவிடும். வெளியே சோடியம் எவ்வளவு ஏறினாலும், உள்ளே சைட்டோபிளாசத்தில் அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமானால் தண்ணீர் ஏன் ஓடப்போகிறது? அந்தச் சிவப்புச் சாயம் இருப்பதும் சவ்வில்தான். சில வகைகளின் சவ்வில் ஊதாத் திட்டுகளும் உண்டு. அதிலுள்ள புரதம் வெளிச்சத்தை வாங்கிப் புரோட்டானை வெளியே தள்ளுகிறது. 1971-இல் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள், நம் கண்ணின் விழித்திரையில் இருக்கும் அதே ரெட்டினால் என்ற, வெளிச்சத்தை வாங்கும் பொருள் அதிலும் இருப்பதைக் கண்டார்கள்.

வில்லியனூர்: அப்போ நல்ல தண்ணீரில் கழுவினால் செத்துவிடுமா?
பெரும்பாலும் வெடித்துவிடும், உப்பில்லாமல் அதன் உறை நிற்காது. அதற்காகக் கழுவிக் குழம்பு வைத்துவிடாதீர்கள்! சிவப்பு போகும், கெட்ட மீன் நல்ல மீனாகாது.

திருப்பாதிரிப்புலியூர்: சர்க்கரை நோய்க்குச் செல் சவ்வைப் பலப்படுத்த மருந்து?
டாக்டரிடம் கேளுங்கள்.

பண்ருட்டி: செல் சுவரும் சவ்வும்...
மேலே முதல் பதில். இன்னொருவர் கேட்டால் கடையை மூடிவிடுவேன்.

முதுநகர்: எங்கள் வீட்டில் சிவந்த வாளைக் கருவாடு ஒன்று கிடக்கிறது சார்.
தூக்கிப் போடாதீர்கள், பூனைக்கும் வைக்காதீர்கள். தனியாகக் கட்டி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மைக்ராஸ்கோப்போடு வருகிறேன். சுரண்டியதில் ஒரு சொட்டை உப்புநீரிலும் ஒரு சொட்டை நல்ல தண்ணீரிலும் விட்டுப் பார்ப்போம்.