லண்டன் வரும் தம்பிக்கு: அந்த வாடகை ரசீது மட்டும் வேண்டாம்

தம்பி, குக்கர் கொண்டுவரலாமா, எந்த ஜாக்கெட் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். குக்கரைக் கொண்டுவாருங்கள், ஜாக்கெட்டை இங்கே வாங்கிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது, கடைசியில் போகிறபோக்கில் கேட்டீர்களே, அதற்காக. கம்பெனி முதல் மூன்று மாத வாடகை தருகிறது, ஈஸ்ட் ஹாம் மாமா வீட்டில் சும்மா தங்கிக்கொண்டு அவர் பெயரில் ரசீது போட்டுக் கொடுத்தால் போதும், "இங்கே எல்லாரும் செய்வதுதான்" என்று யாரோ சொன்னாராம்.

செய்யாதீர்கள். மான்செஸ்டர் பக்கத்து எம்.பி. ஒருவர், டேவிட் சேட்டர், இதைத்தான் செய்தார். தன் சொந்த ஃப்ளாட்டுக்கே, மகளை வீட்டுக்காரியாகக் காட்டி ஒப்பந்தம் தயாரித்து, பார்லிமென்ட்டில் வாடகை வாங்கினார். 2011 ஜனவரியில் 18 மாதம் உள்ளே போட்டார்கள்.

நான் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது, 2009 மே மாதம், அவர் மாட்டிக்கொண்ட அந்த விவகாரம் வெடித்தது. டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை நாள்தவறாமல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கைப் போட்டது. ஒருவர் குளத்தில் வாத்துகளுக்கு மிதக்கும் வீடு, 1,645 பவுண்ட் என்று எழுதியிருந்தார். அதற்குப் பணம் தரவில்லை, ஆனாலும் அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. இன்னொருவர் பட்டியலில் மாளிகை அகழியைத் தூர்வாரிய செலவு. ஏரி தூர்வாரக் கணக்கெழுதுவது நம் ஊரில் பார்த்ததுதான், சொந்த அகழிக்கு எழுதியதை அன்றுதான் பார்த்தேன். உள்துறை அமைச்சர் கணக்கில் பாத்டப் அடைக்கிற மூடி, 88 பென்ஸ், ஒரு பவுண்டுகூட இல்லை!

இதில் பெரும்பாலானவர்கள் விதியை மீறவே இல்லை என்றார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். அப்போது இரண்டாவது வீட்டுச் செலவுக்கு வருஷத்துக்குச் சுமார் 24,000 பவுண்ட் வரை வாங்கலாம், எது இரண்டாவது வீடு என்பதை அவர்களே சொல்லிக்கொள்ளலாம். ஒரு வீட்டைச் சரிபண்ணி முடித்ததும் மற்றதை 'இரண்டாவது' ஆக்கிவிடுவார்கள். 250 பவுண்டுக்குக் கீழே ரசீதே கேட்காத காலமும் இருந்தது.

நம் ஆட்களில் ஒரு வகை உண்டு. இருபது வருஷமாக இங்கேயே இருந்துகொண்டு, "வெள்ளைக்காரன் கணக்குன்னா கணக்குதான்" என்பார்கள். அதே மூச்சில், எந்த ஓட்டலில் வெற்று பில் தருவார்கள் என்றும் சொல்லித் தருவார்கள். உங்களுக்கு யோசனை சொன்னவர் அந்த ரகம். நான் வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருந்தோம், ஐந்தில் மூன்று பேர் அந்த ரகம்.

நான் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. அப்போதெல்லாம் இங்கே கறுப்பு டாக்ஸிக்காரரிடம் ரசீது கேட்டால் பல நேரம் தொகை எழுதாத சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். 9 பவுண்ட் கொடுத்த ஆபீஸ் சவாரிக்கு நான் 19 என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை, பணமும் வந்தது. அப்புறம் மே மாதம் ஆபீஸில் எல்லாரும் அந்த 88 பென்ஸ் மூடியைச் சொல்லிச் சிரித்தபோது, 9-க்கு முன்னால் இடுக்கி எழுதிய அந்த 1 என் கண்ணுக்குள்ளேயே நின்றது. வெளியே சொல்லவும் பயம். அந்த மாத கிளெய்மில் கூட்டுத்தொகையை மட்டும் 10 பவுண்ட் குறைத்து எழுதிக் கொடுத்தேன்.

கணக்குப் பார்க்கும் அம்மா மறுநாளே என் மேசைக்கு வந்தார். கூட்டலில் பிசகு, 10 பவுண்ட் உங்களுக்குத்தான் வரவேண்டும் என்று சிவப்பு மையால் திருத்திக் காட்டிவிட்டு, நல்ல வேளை நான் பார்த்தேன் என்று சிரித்தார்.