65 அங்குல டிவி, 8 அடி தூரம்: 8கே தேவையா?

தேவையில்லை. 65 அங்குலத் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ. 4கே என்றால் குறுக்கே 3840 புள்ளிகள் (8கேயில் அதைப்போல் இரு மடங்கு), ஒரு புள்ளி 0.375 மி.மீ. நல்ல பார்வை உள்ளவருக்கே நாலேகால் அடிக்கு அப்பால் அவை தனித்தனியாகத் தெரியாது. நீங்கள் உட்காருவதோ 8 அடியில்.

8கேக்குக் கூடுதலாகத் தரும் பணத்தை பேனலில், அதாவது திரையின் வகையில் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் அடிக்கும் ஹால், நாள் முழுக்க நியூஸ் சேனல் என்றால் மினி எல்இடி (திரைக்குப் பின்னால் நிறைய சிறு விளக்குகள் உள்ள வகை). அதில் பின்விளக்கு எத்தனை பகுதிகளாகப் பிரிந்து மங்கும் என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு அதுதான். ஆனால் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் சேனல் லோகோ, அந்த இடத்துப் புள்ளிகளை மட்டும் கூடுதலாகத் தேய்த்து நிழலாகத் தங்கிவிடலாம்.

கடையில் பலரும் கேட்க மறப்பது எச்டிஎம்ஐ, அதாவது கேம் கன்சோல், சவுண்ட்பார் போன்றவற்றை டிவியில் செருகும் போர்ட். 4கே 120 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 120 படங்கள்) கேம் ஆட எச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேண்டும். சில மாடல்களில் அது இரண்டே இரண்டு; அதிலும் ஒன்றுதான் இஏஆர்சி (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும் போர்ட்). அதில் சவுண்ட்பாரைச் செருகினால் கேமுக்கு மிஞ்சுவது ஒன்று.